எண்ணெய்க் கசடு உரமாகுமா?

(கொல்கத்தாவில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



கழிவை உணவாக மாற்றும் வித்தை இந்நகருக்குப் புதிதன்று. கிழக்கே தாபாவில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலே குப்பை மட்கிய நிலத்தில் காலிபிளவரும் கீரையும் விளைந்து வந்துள்ளன. அதை அடுத்த பண்ணைகளில் சாக்கடை நீரில் பெருகும் பாசி மீனுக்கு இரையாகிறது. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இச்சதுப்பு நிலம் 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இத்தகைய ஊரில், 'எண்ணெய்க் கசடையும் உரமாக்கினால் என்ன?' என்ற கேள்வி எழுவது இயல்பே.

1975 முதல் இயங்கிவரும் ஹால்தியா ஆலை உட்பட, எல்லா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் தொட்டிகளின் அடியில் எண்ணெய், நீர், மண் ஆகிய மூன்றும் கலந்த கரிய சேறு படிகிறது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி இது அபாயகரக் கழிவு.

இதைத் தின்னும் நுண்ணுயிர்கள் உண்டு. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த மோகன் சக்கரவர்த்தி அமெரிக்காவில் அத்தகைய பாக்டீரியா ஒன்றை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை உண்டென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் டெரி நிறுவனம் இயற்கையிலுள்ள பாக்டீரியாக்களைத் தேர்ந்து 'ஆயில்ஜாப்பர்' என்ற கலவையைத் தயாரித்தது. அது பல எண்ணெய் நிலையங்களில் பயன்பட்டிருக்கிறது.

செய்முறை தொழு உரம் அறிந்த எவருக்கும் விளங்கும். எண்ணெயில் கரிமம் மிகுதி. தழைச்சத்தோ இல்லையென்றே சொல்லலாம். ஆகவே சாணமும் யூரியாவும் சேர்க்க வேண்டும். காற்றோட்டத்திற்கு வைக்கோல் கலந்து, ஈரம் காத்து, குவியலைப் புரட்டிவர வேண்டும். இலேசான எண்ணெய்க் கூறுகள் விரைவில் சிதையும். தார் போன்ற கனமானவை எளிதில் அசையா.

பொருளியல் படித்தவன் வேதியியல் பேசுவதைப் பொறுத்தருளுக. இனி வருவது வெறும் கணக்கு. நுண்ணுயிர் எண்ணெயைத்தான் தின்னும். நிக்கலையும் வனேடியத்தையும் தின்னாது. ஒரு குவியலில், உலர்ந்த எடையில், கிலோவுக்கு 40 மில்லிகிராம் நிக்கல் இருப்பதாகக் கொள்வோம். நகரக் கம்போஸ்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வகுத்த வரம்பு 50. எனவே தேறிவிட்டதாகத் தோன்றும். ஆனால் மட்கும்போது கரிமம் காற்றோடு போகிறது. உலர் எடை பாதியானால், அதே நிக்கல் கிலோவுக்கு 80 மில்லிகிராம் ஆகிவிடும். தொடக்கத்தில் மட்டும் சோதிக்கும் அதிகாரி தம்மையறியாமலே நஞ்சுக்குச் சான்றிதழ் தருகிறார். வைக்கோலை இன்னும் கொட்டி அளவைக் குறைக்கலாமே என்பர். அதனால் மொத்த உலோகம் ஒரு மில்லிகிராமும் குறையாது. கூடுதல் ஏக்கர்களில் பரவும், அவ்வளவுதான்.

இங்குதான் பொருளியல் நுழைகிறது. கசடை மூட்டை கட்டி உரமென விற்றால், ஆலைக்குச் செலவாக இருந்தது வருவாயாகிவிடும். பிறகு கசடைக் குறைக்கும் அக்கறை யாருக்கு வரும்? செலவோ சோதனைச்சாலை இல்லாத காய்கறி விவசாயியின் நிலத்திற்கு மாறுகிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டுமென்று வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இங்குள்ள டாங்ரா, தில்ஜலா, டோப்சியா பகுதிகளின் தோல் ஆலைகளை வெளியேற்றும் ஆணையும் அதே ஆண்டில்தான் பிறந்தது.

எனது கருத்து இது: மட்கச் செய்வது நல்ல முறை, கசடை எரிப்பதையும் குழியில் புதைப்பதையும் விட நன்று என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் விளைபொருளைச் சுத்திகரிக்கப்பட்ட மண்ணென்று அழைப்போம், உரமென்று வேண்டாம். உலோகச் சோதனையை மட்கி முடிந்த எடையின் மீது நடத்துவோம். தேறியது ஆலை வளாகத்து மரங்களுக்குப் போகட்டும். தேறாதது அபாயகரக் கழிவாகவே இருக்கட்டும். இரண்டின் செலவும் ஆலையின் கணக்கிலேயே எழுதப்பட வேண்டும். தாபாவின் கீரைப் பாத்திகளுக்குச் சமையலறைக் கழிவே போதும். அதையும் தரம் பிரித்து அனுப்புவதில் நாம் இன்னும் பின்தங்கியே இருக்கிறோம்.