கண்ணாடி விரியனும் முன்மடலும்



இந்த நாற்காலியில் எனக்கு முன்பு அமர்ந்தவர்களின் பட்டியலை அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. ஆளை மாற்றி அழைத்துவிட்டோமோ என்று அமைப்பாளர்கள் யோசிக்கத் தொடங்குவதற்குள் பேச்சைத் தொடங்கிவிடுகிறேன்.

மாநாட்டின் மையப்பொருள் 'முன்பிட்யூட்டரி ஹார்மோன்கள்: நேற்றும் இன்றும்'. அந்த ஆறையும் உங்கள் முன் ஒப்பிக்கப் போவதில்லை. பிணங்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோனால் சிலருக்குப் பல ஆண்டு கழித்து மூளைநோய் வந்து, 1985இல் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டில் மரபுப் பொறியியல் மருந்து அனுமதி பெற்றது. புரோலாக்டின் கட்டிகளில் பெரும்பாலானவை இன்று கேபர்கோலின் மாத்திரைக்கே சுருங்கிவிடுகின்றன. இவையெல்லாம் அமர்வுகளில் விரிவாக வரும். போர்ட்டல் இரத்தக்குழாய்கள் வழியாகத்தான் ஹைபோதலாமஸ் பிட்யூட்டரியின் முன்மடலை ஆள்கிறது என்று ஜெஃப்ரி ஹாரிஸ் நிலைநாட்டியதும் வரும். எனக்கு அந்தக் குழாய்கள் மட்டும் போதும். அழுத்தம் குறைந்த அந்த இரத்த ஓட்டம் தடைபட்டால் என்ன ஆகும் என்பதே என் பேச்சு.

பிரசவத்தில் இரத்தம் கொட்டி, கர்ப்பத்தில் பெருத்திருந்த முன்மடல் பட்டுப்போவதை 1937இல் கிளாஸ்கோவிலிருந்து ஷீஹன் எழுதினார். அவருக்கு முன்பே 1913இல் கிளின்ஸ்கி போலந்து மொழியில் எழுதியிருந்தார். வெளியே படிக்கத்தான் ஆளில்லை. 1914இல் ஹாம்பர்கின் சிம்மண்ட்ஸ் எழுதியது பரவியது. அதோடு, முன்மடல் செத்தால் உடம்பு எலும்பும் தோலுமாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவியது. அது பொதுவான அடையாளமே இல்லை என்று ஷீஹனும் சம்மர்ஸும் 1949இல் எழுதும்வரை, மெலியாத நோயாளிகள் எத்தனை பேரை நம் முன்னோர் திருப்பி அனுப்பினார்களோ! புத்தகம் சொல்லாத நோயாளியைக் கண் பார்ப்பதில்லை.

இனி என் வழக்கு. ஷீஹன் நோய்க்குப் பிரசவமே தேவையில்லை, கண்ணாடி விரியன் போதும். இதை நான் சொன்னபோதெல்லாம், 'அபூர்வம், ஒன்றிரண்டு நோயாளிக் குறிப்புகளை வைத்துக் கொள்கை பேசாதீர்கள்' என்று மூத்த நண்பர் ஒருவர் அன்போடு கண்டித்திருக்கிறார். அவர் இந்த அவையிலும் இருக்கிறார். எனவே ஏடுகளையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1958இல் பிரேசிலில் ஒரு பாம்புக்கடிக்குப் பின் முன்மடல் செயலிழந்ததை வொல்ஃப் பதிவு செய்தார். 1976இல் இந்தியாவிலிருந்து ஈப்பனும் உடன் பணியாற்றியவர்களும் விரியன் கடிக்குப் பின் வந்த பிட்யூட்டரிக் குறைபாட்டை எழுதினார்கள். நம் நாட்டுக் கட்டுரை இது; நம் கருத்தரங்குகளில் இதை எடுத்துக்காட்டி நான் கேட்டதில்லை. 1987இல் லான்செட் இதழில் பர்மாவிலிருந்து வந்த கட்டுரை, கண்ணாடி விரியன் கடித்து உடனே வரும் செயலிழப்பையும் நாள்பட்டு வருவதையும் சேர்த்தே காட்டியது. 'ஷீஹன் நோயை ஒத்தது' என்பது அதன் தலைப்பிலேயே இருக்கிறது.

'பர்மா விரியன் இப்போது தனி இனம், நம்முடையது வேறு' என்பது நண்பரின் அடுத்த வாதம். இனம் வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் 1976 கட்டுரையில் இங்கே கடித்தது பர்மாவிலிருந்து வந்த பாம்பு அல்லவே! இலங்கையிலிருந்து முதல் நோயாளி பற்றிய கட்டுரை 2011இல்தான் வந்தது. அதற்கு முன்பு அந்தத் தீவில் விரியன் முன்மடலை மட்டும் விட்டுவைத்தது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வழிமுறையும் புதிரல்ல. விஷம் உறைவுக் காரணிகளைத் தூண்டிவிடுகிறது. நுண்குழாய்களில் இரத்தம் உறைகிறது, உறையவேண்டிய இடத்தில் உறையாமல் கசிகிறது. நுண்குழாய்கள் ஒழுகத் தொடங்கினால் கண்வெண்படலமும் கன்னமும் வீங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எலும்புக் குழிக்குள் இருக்கும் சுரப்பியும் அப்படி வீங்கினால், கர்ப்பம் ஷீஹனுக்குச் செய்துகொடுத்த வேலையை இங்கே விஷம் செய்கிறது என்பதுதான் கருதுகோள். எனக்கு அது பிடித்த கருதுகோள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வார்டில் அது எப்படி வருகிறது? நாற்பது வயது விவசாயி. சித்திரை வெயிலில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முகம் வெளுத்து மழமழவென்றிருக்கிறது. முகச்சவரம் கடைசியாக எப்போது என்று கேட்டால் மனைவி சிரிக்கிறார்: "அவருக்கு ஏதுங்க தாடி? பொங்கலுக்குச் செஞ்சது." அக்குளில் முடியில்லை. இரத்தத்தில் சோடியம் 118. அதற்கு முன்பு ஓரிடத்தில் இரத்தசோகை என்று சத்து மாத்திரை, இன்னோரிடத்தில் மனச்சோர்வு என்று தூக்க மாத்திரை. டி.எஸ்.எச். மட்டும் பார்த்து 'தைராய்டு நார்மல்' என்று எழுதிய சீட்டும் இருக்கிறது. முன்மடல் பழுதானால் டி.எஸ்.எச். நார்மலாகவே நின்று ஏமாற்றும், கூடவே ஃப்ரீ டி4 பார்க்க வேண்டும் என்பது இந்த அவைக்குத் தெரியும். சீட்டு எழுதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த பழைய டிஸ்சார்ஜ் தாள்: விரியன் கடி, சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ், நலமுடன் அனுப்பப்பட்டார். கீழே சிறுநீரகத்துக்கு மறுபரிசோதனைத் தேதி. முன்மடலுக்கு ஒரு வரி இல்லை. இவருக்கு யாராவது ஃப்ரீ டி4 பார்த்துவிட்டு, கார்டிசாலைப் பார்க்காமல் தைராக்சின் மட்டும் தொடங்கியிருந்தால், அட்ரீனல் நெருக்கடியில் ஆளையே இழந்திருப்போம்.

'அவ்வளவு பேர் இருந்தால் கடித்த வாரத்திலேயே சிலராவது தெரியவேண்டாமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் விஷமுறிவு மருந்தின் ஒவ்வாமைக்குப் பயந்து பலருக்கு ஹைட்ரோகார்டிசோனும் ஏற்றிவிடுகிறோம். அட்ரீனல் குறைபாட்டுக்கும் அதுவேதானே மருந்து! நோய் தலைகாட்டுமுன் அதை மூடிவிட்டு, பிறகு நோயே இல்லை என்கிறோம்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பிழைத்தவர்களின் முன்மடலை அப்படி யாரும் கணக்கெடுக்கவில்லை. 2024 முதல் தமிழ்நாட்டில் பாம்புக்கடி அறிவிக்கவேண்டிய நோயாகிவிட்டது. கடிபட்டவர் யார், எங்கே சிகிச்சை பெற்றார் என்பது பதிவேட்டில் ஏறுகிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களையாவது மூன்றாம் மாதமும் ஓராண்டிலும் கூப்பிட்டு, காலைக் கார்டிசாலும் ஃப்ரீ டி4-உம் பாருங்கள். செலவு பெரிதல்ல. இந்தப் பட்டியலில் நோய் அபூர்வம் என்று தெரிந்தால் நண்பரிடம் மேடையேறித் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.

நாளைப் பிற்பகல் கலந்துரையாடலை நான் நடத்துகிறேன். மறுப்புரைக்கு முதல் இருபது நிமிடம் நண்பருக்கே ஒதுக்கியிருக்கிறேன். 1976 கட்டுரையின் நகல் வரவேற்பு மேசையில் இருக்கும். அவர் அதைப் படித்துவிட்டு வரவேண்டும் என்பது ஒன்றே என் நிபந்தனை. மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.