வெள்ளி நாணயங்களில் மலைகள்



பழைய நாணயம் ஒன்று கைக்கு வந்தால், அதன் விலை என்ன என்று கேட்பது உலக வழக்கம். நாணயங்களைத் தொகுத்து மகிழும் நானோ, அதில் பொறித்த உருவம் எது என்றே முதலில் கேட்பேன். மலை பொறித்த இரண்டு வெள்ளி நாணயங்களைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

துருக்கி நாட்டுக் கைசேரி நகரம், ரோமப் பேரரசின் காலத்தில் செசரியா எனப் பெயர் பெற்று, கப்படோசியா மாகாணத்தின் தலைநகராக விளங்கிற்று. அதற்குத் தெற்கே, 3,900 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, பனி முடி தரித்து நிற்கிறது ஓர் எரிமலை. இன்று அதன் பெயர் எர்ஜியஸ், அன்று ஆர்கேயஸ். தெளிந்த நாளில் அதன் உச்சியிலிருந்து இரு கடல்களையும் காணலாம் என ஏறியவர்கள் கூறியதாக, ஸ்ட்ராபோ என்னும் பண்டை நிலநூல் அறிஞர் எழுதியிருக்கிறார்.

கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் செசரியாவில் அடித்த வெள்ளி நாணயங்கள் பலவற்றில், ஒரு பக்கம் பேரரசரின் தலையைக் காண்கிறோம். மறுபக்கத்தில், தெய்வ உருவம் இருக்கக்கூடிய இடத்தில், அந்த மலையைக் காண்கிறோம். அம்மக்களுக்கு மலையே தெய்வம், அதன்மேல்தான் ஆணையிட்டார்கள். ஆட்சி ரோமாபுரியுடையது, ஆயினும் நாணயத்தின் ஒரு பக்கம் ஊர்மலைக்கே உரியதாயிற்று.

இனி, நம் காலத்தை ஒட்டிய சான்று. 1964-இல் டோக்கியோ நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. அதன் நினைவாக ஜப்பான் அரசு 1,000 யென் வெள்ளி நாணயத்தை வெளியிட்டது. அந்நாட்டின் முதல் நினைவு நாணயங்களுள் அது ஒன்று. போரில் தோற்று 19 ஆண்டுகளே கழிந்திருந்தன. உலகத்தாரை வரவேற்ற அந்த வேளையில், ஃபுஜி மலையும் செர்ரி மலர்களுமே நாணயத்தில் இடம்பெற்றன. ஒன்றரைக் கோடி நாணயங்கள் அடிக்கப்பட்டன.

அதன் எடை 20 கிராம். அதில் வெள்ளி 18.5 கிராம். உருக்கினால் அந்த வெள்ளி மிஞ்சும்; மலை மறைந்துவிடும். உருக்காமலே மலையை அழிப்பதும் எளிது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளி கறுக்கும். அதனை அழுக்கென்று கருதித் தேய்ப்போமானால், மேடான கோடுகளே முதலில் மறையும். ஆதலால், பழைய நாணயம் கிடைத்தால் துலக்காதீர்கள். விளிம்பைப் பற்றி ஏந்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளியின் விலையைத் தராசு சொல்லும். ஒரு மக்கள் கூட்டம் எதைத் தன் பெருமையாகக் கருதிற்று என்பதை அந்த உருவமே சொல்லும்.