செவிலியருக்கு நிரந்தரப் பணி வேண்டும்! – விஸ்வநத்தம் கூட்டத்தில் ஆற்றிய உரை



ஆலையில வெடிச்சத்தம் கேட்டா நாம ஓடுறது சிவகாசி அரசு மருத்துவமனைக்குத்தான். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்தை மறந்திருக்க மாட்டீங்க. வெந்துபோன உடம்புக்குக் கட்டு மாத்தி, ராத்திரி பூரா பக்கத்துல நிற்பவர் செவிலியர்.

அவருக்கு என்ன கிடைத்தது? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எடுத்தபோது மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்குறுதி. அது நிறைவேறாமல் 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் அமர்ந்து போராடினார்கள். கொரோனா காலத்தில் சேர்த்த 2,000-க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது.

தனியார்மயம்னா ஆஸ்பத்திரியை விற்கிறது மட்டுமில்லீங்க. வாசல்ல அரசு போர்டு இருக்கும். உள்ளே வேலை பாக்குறவங்களுக்கு தனியார் கம்பெனி மாதிரி ஒப்பந்தம்! தீபாவளி முடிஞ்சு ஆலை எப்ப திறக்கும்னு காத்துக் கிடக்குற நமக்கு அந்தப் பயம் தெரியாதா? தூக்கம் போகும், மனசு நொறுங்கும். "தைரியமா இரும்மா"ன்னு நோயாளிக்குச் சொல்ற வாய்க்கு யார் தைரியம் சொல்றது?

தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவுப்படி அமைந்த குழு பரிந்துரைத்தது. கேரளம் 2018-ல் ஆணையே பிறப்பித்தது. இங்கேயும் வேண்டும்.

ஒப்பந்தச் செவிலியரை நிரந்தரமாக்கு! தீக்காயப் பிரிவில் பணியாற்றுவோருக்கு மனநல ஆலோசனை கொடு!

இதைச் செவிலியர் மட்டும் கேட்டால் போதாது. அவங்க கையால பிழைச்ச குடும்பங்கள், நாமளும் சேர்ந்து கேட்கணும்.