வயலில் தொடங்கும் வைத்தியம்



உயிரியல் பாடத்தில் பயற்றங்கன்றைப் பிடுங்கி வேர்முடிச்சுக்களைப் பார்த்தது நம்மிற் பலருக்கும் நினைவிருக்கும். காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக்கும் பற்றீரியாக்கள் அவற்றுள் வாழ்கின்றன என்று படித்தோம். மண்ணில் வாழும் வேறு பற்றீரியாக்களுக்கும் நமது சிறுநீரகத்துக்கும் தொடர்புண்டு என்பதை வைத்தியத்துறைக்கு வந்த பின்னரே அறிந்தோம்.

யப்பானின் தொயாமா பகுதியில், சுரங்கமொன்றிலிருந்து கட்மியம் என்னும் பார உலோகம் ஜின்சு ஆற்றில் கலந்து வயல்களுக்குப் பாய்ந்தது. அந்த அரிசியை ஆண்டுக்கணக்காக உண்டவர்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. எலும்புகள் மென்மையாகி முறிந்தன. பாதிக்கப்பட்டோரிற் பெரும்பாலோர் நடுத்தர வயது கடந்த தாய்மார். அவர்களின் முனகலே நோயின் பெயராயிற்று: 'இத்தாய் இத்தாய்', அதாவது 'நோகுது, நோகுது'. 1968 இல் யப்பானிய அரசு அதைச் சூழல் மாசினால் வந்த நோயென ஏற்றுக்கொண்டது.

கட்மியம் சிறுநீரகத்திற் பல பத்தாண்டுகள் தங்கும். அதை அங்கிருந்து அகற்ற எங்களிடம் நல்ல மருந்தில்லை. அரிசிக்குள் வராமல் தடுப்பதே வழி. வயலில் நீர் தேங்கி நிற்கையில் மண்ணில் ஒட்சிசன் குறையும். அப்போது சில பற்றீரியாக்கள் சல்பேற்றைச் சல்பைட்டாக மாற்றும். கட்மியம் அதனுடன் சேர்ந்து, கரையாத பொருளாக மண்ணிலேயே நின்றுவிடும். நீரை வடித்தால் காற்றுப்பட்டு மீண்டும் கரைந்து வேருக்குள் செல்லும். ஆகவே, கதிர் வரும் காலத்தையொட்டி வயலில் நீரை நிறுத்திவைக்கும் முறை யப்பானில் கைக்கொள்ளப்பட்டது.

ஆசனிக் உள்ள மண்ணில் நிலைமை தலைகீழ். நீர் தேங்கினால் வேறு பற்றீரியாக்கள் இரும்பு ஒட்சைட்டைக் கரைக்கும்; அதிற் பற்றியிருந்த ஆசனிக் விடுபட்டு நெல்லுக்குள் ஏறும். நோயாளியைப் பரிசோதித்த பின்பே நாங்கள் மருந்து எழுதுகிறோம். வயலுக்கும் அதுவே முறை.

சோறுண்ணும் நமக்கு இது தூரத்துக் கதையன்று. நமது வடமத்திய மாகாணத்தில், காரணம் முடிவாக நிறுவப்படாத சிறுநீரக நோயால் விவசாயக் குடும்பங்கள் வாடுகின்றன. அதற்குக் கட்மியமே காரணமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இத்தகைய நோய்களை ஆராய வைத்தியரும் மண்ணை அறிந்த விஞ்ஞானியும் ஒன்றாக அமரவேண்டும். மருத்துவபீடம் கிடைக்காதவர்களின் இரண்டாந் தெரிவாகவே நம் வீடுகளில் விவசாய விஞ்ஞானம் பேசப்படுகிறது. நமது தங்கைகளிற் சிலரேனும் அதை முதல் தெரிவாக எடுக்க, பழைய மாணவியராகிய நாம் துணைநிற்போம்.