மலையேறியவரும் மலையிறங்குவோரும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீலநிறமாய்த் தோன்றும் கல்வராயன் மலையைச் சாலையிலிருந்து உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அங்கு வாழும் பழங்குடியினர்க்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தை நினைத்துவிட வேண்டாம். மலையில் வாழும் ஆள் என்பதே பொருள். அவர்கள் பேசுவது தமிழ்.

இம்மக்கள் தம்மை மலையின் ஆதிக்குடிகள் என்று சொல்லிக்கொள்வதில்லை என்பது வியப்புக்குரியது. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது வழிவழிக் கதை. 1906-இல் பிரான்சிஸ் எழுதிய தென்னார்க்காடு மாவட்ட விவரநூல் இன்னும் ஒன்று கூறுகிறது. அப்போது மலையிலிருந்த வேடரைக் கொன்று, அவர்தம் பெண்டிரை வந்தவர்கள் மணந்தனராம். திருமணத்தின்போது வானை நோக்கித் துப்பாக்கி வெடிப்பது, மாண்ட வேடக் கணவனைக் குறிக்குமாம். வந்தேறிய வரலாற்றையும் அதில் சிந்திய குருதியையும் மணப்பந்தலிலேயே ஒப்புக்கொண்ட மக்கள்! சமவெளியில் எத்தனை குலங்கள் தம் கதையை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும்?

மலையேறியும் உரிமை வாழ்வு கிட்டவில்லை. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என மூன்று சாகீர்கள் அங்கே நிலவின. குடிகள் தம் ஏரையும் மாட்டையும் கொண்டுசென்று, சாகீர்தார் நிலத்தைக் கூலியின்றி உழவேண்டும். அதற்கு வெட்டி என்று பெயர். நாடு 1947-இல் விடுதலை பெற்றது. இம்மலை அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்ததோ 1976-இல்!

பிறகு சாமையும் தினையும் விளைந்த கொல்லைகளில் மரவள்ளி புகுந்தது. கிழங்கு சேலத்துச் சவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கியது. அதன் பின்னே மனிதரும் கூலி தேடி இறங்கினர். கேரள, கன்னடத் தோட்டங்களுக்குச் சென்றனர். சீனாவில் 1958-இல் வந்த குடும்பப் பதிவு முறையால், நகரில் உழைக்கும் நாட்டுப்புறத்தானின் பள்ளியுரிமை சொந்த ஊரிலேயே தங்கிவிட்டது. இங்கே அத்தகைய சட்டமில்லை. ஆயினும் பெற்றோர் தோட்டத்திலிருக்கும் மாதங்களில் பிள்ளையின் பள்ளி மலையிலேதான் இருக்கிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. சாராயம் என்றதும் பேச்சு மலையை நோக்கித் திரும்பிற்று. கொன்றதோ மெத்தனால், ஆலையில் பிறக்கும் பொருள், மலைக்காட்டு ஊறலில் பிறப்பதன்று. அடுத்த மாதமே சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை உண்டா, மருத்துவமனை உண்டா, பள்ளி உண்டா என்று அரசிடம் கேட்கலாயிற்று.