கைப்பேசிக்குள் இருக்கும் கணக்கேடு



வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இரவு எட்டு மணி என்பது ஒரு தனிப் பொழுது. அலுவலகமும் பேருந்தும் ஓய்ந்தபின் ஊருடன் பேசும் வேளை அது. தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் நான் வசிக்கும் அரசாங்கக் குடியிருப்பில் அந்நேரம் படியேறி வந்தால், கதவுக்குக் கதவு ஒவ்வொரு மாவட்டத்துத் தமிழ் காதில் விழும். திருவையாற்றில் தங்கையின் வீட்டில் இருக்கும் என் தாயாருடன் நானும் அப்போதுதான் பேசுகிறேன். அவருக்குச் செவிப்புலன் மிகவும் குறைந்துவிட்டது. குரல் மட்டும் சென்றால் பயனில்லை. திரையில் என் வாயசைவைப் பார்த்தே நான் சொல்வதைத் தெரிந்துகொள்வார்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் இரவு, "புது மாத்திரை சாப்பிட்டதிலிருந்து தலை சுற்றுகிறதடா" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கையில் திரையில் உருவம் அசைவற்று நின்றது. பிறகு அதுவும் மறைந்தது. அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. கைப்பேசியைத் தாயார் கையில் கொடுத்துவிட்டுத் தங்கை கோயிலுக்குச் சென்றிருந்தாள். அவள் திரும்பி வந்து, மருந்து பழைய மருந்துதான், தயாரித்த கம்பெனிதான் வேறு, வெயிலில் நின்றதால் வந்த மயக்கம் என்று எனக்குச் சொல்லும்வரை ஒன்றரை மணி நேரம் நான் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன்.

எனக்குள்ள ஏற்பாடு நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. இரண்டு ஆண்டுகளாக அது மிஞ்சியதே தவிரக் குறைந்ததில்லை. திடீரென்று பத்து நாட்களாக மாலைக்குள் தீர்ந்துபோயிற்று. கம்பெனிக்காரர்கள் கணக்கைக் கூட்டி எழுதுகிறார்கள் என்பது அலுவலக நண்பர்களின் ஒருமித்த தீர்ப்பு. நானும் அதற்கு உடன்பட்டேன். கம்பெனியின் கடைக்குச் சென்று கேட்டேன். அங்கிருந்தவர் கூடுதல் டேட்டா ஒன்று வாங்கிக்கொள்ளும்படி யோசனை கூறினார். வாங்கினேன். அதுவும் இரண்டே நாளில் போய்விட்டது. ஓட்டைக் குடத்தில் இன்னும் ஒரு செம்பு நீர் வார்த்தேன் என்பது பிறகுதான் விளங்கிற்று.

அன்றாட அளவு தீர்ந்தபின் இணைப்பு முற்றிலும் நின்றுவிடுவதில்லை. பல திட்டங்களில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாகச் சுருங்குகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நொடிக்கு 8 கிலோபைட்தான் வரும். ஒரு எம்.பி. அளவுள்ள புகைப்படம் வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். எழுத்துச் செய்தி தட்டுத்தடுமாறிப் போகும். முகம் பார்த்துப் பேசும் பேச்சு அந்தச் சந்தில் நுழையாது. இதே கணக்கை மறுபுறம் திருப்பினால், நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் எதுவும் ஒரு மணி நேரத்தில் 450 எம்.பி.யை உண்ணும். தெளிவான திரைப்படம் ஒன்று நொடிக்கு இரண்டரை மெகாபிட் கேட்குமானால், 1.5 ஜி.பி. ஒரு மணி இருபது நிமிடத்தில் காலி. ஆயினும் எங்கள் வீட்டில் அந்நாட்களில் யாரும் கைப்பேசியில் படம் பார்க்கவில்லை.

திருடனைத் தேடுமுன் கணக்கேட்டைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகனுக்குத் தோன்றிற்று. மின்சாரத்துக்கு வாசலில் மீட்டர் இருப்பதுபோல், டேட்டாவுக்குக் கைப்பேசியின் உள்ளேயே ஒரு மீட்டர் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியாயின், செட்டிங்ஸில் நெட்வொர்க் பற்றிய பகுதிக்குள் சென்றால், எந்தச் செயலி எவ்வளவு மொபைல் டேட்டாவைச் செலவிட்டது என்ற பட்டியல், பெருஞ்செலவாளியை முதலில் வைத்துக் காணப்படும். செயலியின் பெயரைத் தொட்டால், நாம் திறந்து வைத்திருக்கையில் ஆன செலவு வேறு, பின்னணியில் ஆன செலவு வேறு என்று பிரித்துக் காட்டும். ஐபோனிலும் மொபைல் டேட்டா என்ற பக்கத்தில் இத்தகைய பட்டியல் உண்டு. ஆனால் அது மாதந்தோறும் தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்புவதில்லை. அப்பக்கத்தின் அடியில் உள்ள ரீசெட்டை நாமே தொட வேண்டும். இதனை அறியாமல், ஓராண்டுக் கணக்கை ஒரு மாதக் கணக்கென்று எண்ணிக் கலங்கியவர்களை நான் அறிவேன்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். "பின்னணித் தரவு" என்ற தொடரை அலுவலகக் கோப்புகளில் பலமுறை எழுதியிருக்கிறேன். அதன் பொருள் விளங்கியது அன்றிரவுதான்.

படுக்கப்போகுமுன் பட்டியலில் வாட்ஸ்அப்புக்கு நேரே இருந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டேன்: 6.2 ஜி.பி. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து மறுபடியும் பார்த்தேன்: 7.3 ஜி.பி. வீட்டில் அனைவரும் உறங்கிக்கொண்டிருந்தபோது 1.1 ஜி.பி. போயிருந்தது, பெரும்பகுதி பின்னணியில். அன்றாடக் கணக்கு எனக்கு நள்ளிரவில் புதிதாகத் தொடங்குகிறது. ஆக, பொழுது விடியுமுன்பே நாளின் பங்கில் முக்கால் பங்குக்கு அருகே கரைந்துவிட்டது. எஞ்சிய 400 எம்.பி. மாலைவரை தாங்கியதே பெரிது.

காரணமும் விரைவில் தெரிந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் புதிய கைப்பேசி வாங்கியிருந்தேன். பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொடுத்த கடைப் பையன், இனி எதுவும் தொலையாது என்று நல்லெண்ணத்தோடு, உரையாடல்களுக்குக் காப்புப் பிரதி எடுக்கும் பேக்அப் வசதியை முடுக்கிவிட்டிருந்தான். வீட்டில் வைஃபை இல்லை என்று நான் சொன்னதால், மொபைல் டேட்டா வழியாகவே எடுக்கும்படியும், வீடியோக்களையும் சேர்த்துக்கொள்ளும்படியும் அமைத்திருந்தான். திரையில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "சரி" என்று தொட்டவன் நானேதான். பேத்திகளின் நடனமும், ஊர்த் தேரோட்டமும், தாயார் அனுப்பிய சமையற் குறிப்புகளுமாகச் சேர்ந்திருந்த 12 ஜி.பி. வீடியோக்கள் இரவுதோறும் கொஞ்சங் கொஞ்சமாகக் கூகுள் கணக்கிற்கு ஏறிக்கொண்டிருந்தன. எங்கள் உள்ளறையில் சிக்னல் குறைவாதலால் ஏற்றம் பாதியில் நிற்கும்; மறுநாள் இரவு விட்ட இடத்திலிருந்து தொடரும். தாயாரின் முகத்தைக் காட்ட வேண்டிய டேட்டாவை, தாயார் அனுப்பிய பழைய படங்களே தின்றுவந்தன!

வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் சாட் பேக்அப் பக்கத்திற்குச் சென்று மொபைல் டேட்டாவை விலக்கினேன்; வீடியோவையும் விலக்கினேன். மறுநாள் காலையில் எண் அசையவில்லை. இப்போது மாதம் ஒருமுறை மைத்துனர் வீட்டு வைஃபையில் காப்புப் பிரதி எடுத்துக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம். முறை ஒன்றே: இரவில் ஒரு எண், காலையில் ஒரு எண், இடையில் உள்ள வித்தியாசம். இரவில் செலவாகவில்லை என்றால் பகலை இதுபோல் கூறுபோட்டுப் பார்க்கலாம். குடும்பக் குழுக்களில் விடியற்காலை வந்து குவியும் வணக்கப் படங்கள் தாமாக இறங்கிக்கொள்வதை வாட்ஸ்அப்பின் ஸ்டோரேஜ் அண்டு டேட்டா பக்கத்தில் நிறுத்தலாம். யூடியூபில் மொபைல் டேட்டாவுக்கென்று படத்தின் தரத்தைத் தனியே குறைத்து வைக்கலாம். பிளே ஸ்டோர் செயலிகளைப் புதுப்பிப்பதை வைஃபையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஊர் எண் ஒன்றும் உள்ளூர் எண் ஒன்றுமாக இரண்டு சிம் வைத்திருப்போர் நம்மில் பலர். ஒன்றில் சிக்னல் குன்றும்போது டேட்டாவை மற்றதற்கு மாற்றும் வசதி பல கைப்பேசிகளில் உண்டு. நாம் அறியாமல் எந்த சிம்மின் டேட்டா செலவாகிறது என்று பார்த்துக்கொள்வது நலம். வைஃபை வலுவிழந்தால் ஓசையின்றி மொபைல் டேட்டாவுக்குத் தாவும் ஏற்பாடும் அத்தகையதே. ஐபோனில் அதற்கு வைஃபை அசிஸ்ட் என்று பெயர்.

பட்டியலில் ஹாட்ஸ்பாட் என்ற வரி பெருத்திருந்தால் பிள்ளைகளின் மடிக்கணினியைப் பாருங்கள். கைப்பேசியிலிருந்து இணைப்புப் பெறும் விண்டோஸ் கணினி, அதை வரம்பற்ற வைஃபை என்றே எண்ணிப் பெரிய அப்டேட்டுகளை இறக்கத் தொடங்கிவிடும். அந்த இணைப்பை மீட்டர்டு கனெக்‌ஷன் என்று கணினியில் குறித்து வைத்தால் பெரும்பாலும் அடங்கும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நிகழ்ந்த செலவு இதுவே. கணக்கேட்டைக் கண்டுபிடித்த மகன் இவ்விஷயத்தில் மட்டும் மௌனம் சாதித்தான்.

கோபத்தில் எல்லாச் செயலிகளுக்கும் பின்னணி டேட்டாவை அடைத்துவிட வேண்டாம். வாட்ஸ்அப்புக்கு அடைத்தால், திரை அணைந்திருக்கும்போது ஊரிலிருந்து வரும் அழைப்பே நமக்குத் தெரியாமல் போகலாம். பட்டியலின் தலையில் நிற்கும் ஒன்றிரண்டை மட்டும் கவனித்தால் போதும்.

இவ்வளவும் பார்த்தபின்பும் கைப்பேசியின் கணக்கும் கம்பெனியின் கணக்கும் பெரிதாக வேறுபடுமானால், அப்போது முறையிட வேண்டியதுதான். சிறு வேறுபாடு இயல்பு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியும் புகார் மையம் வைத்திருக்க வேண்டும். 198 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லை. புகாருக்கு டாக்கெட் எண் ஒன்று தருவார்கள். அதைக் கேட்டு வாங்கித் தேதியுடன் எழுதி வையுங்கள். பதில் திருப்தியளிக்காவிடில், அந்தக் கம்பெனியிலேயே உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம்; அதற்கும் கட்டணமில்லை. அப்போது இரவும் காலையும் குறித்த எண்கள் உள்ள அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

தங்கையின் கைப்பேசியை நான் இன்னும் பார்க்கவில்லை. அங்கும் இரவில் ஏதோ போகிறதென்று சொல்கிறாள். பொங்கலுக்குச் செல்லும்போது பார்க்க வேண்டும்.