வாசலில் கேமரா: வாங்கும் முன் ஒரு கணக்கு

(சங்கக் கூட்டத்தில் பேசியது)

வீட்டுக்குக் கேமரா வைக்கலாமா என்று பலர் கேட்டீர்கள். வங்கியில் குப்பை கொட்டியவன், கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு கேமரா நாளுக்குச் சுமார் 21 ஜிபி பதியும். நான்கு கேமராவுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க் போட்டால் 11 நாள்தான் தாங்கும். பிறகு பழையதை அழித்துக்கொண்டு புதியது பதிவாகும். கோடை விடுமுறைக்கு 15 நாள் ஊருக்குப் போகிறீர்கள், மறுநாளே பூட்டு உடைகிறது என்று வையுங்கள். திரும்பி வரும்போது அந்த இரவு பதிவில் இருக்காது! 2 டிபி போடுங்கள், 23 நாள் வரும். கரண்ட் போனால் ஓட யூபிஎஸ்ஸும் வேண்டும்.

அதற்கும் முன்னால் பால்கனிக் கதவின் தாழ்ப்பாளைப் பாருங்கள். கேமரா பார்க்கும், தடுக்காது.

பொருத்துபவர் வைத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிடுங்கள். ஏடிஎம் அட்டையின் பின்னாலேயே ரகசிய எண்ணை எழுதி வைத்தவர்களைப் பார்த்தவன் சொல்கிறேன்.

இன்னொன்று, எதிர்வீட்டு வாசல். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இலேயே சொல்லிவிட்டது. ஒரே வீட்டில் வசித்த சகோதரர்கள் வழக்கில், மற்றவர் சம்மதமின்றிக் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா வைப்பது அந்த உரிமையை மீறுவது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-இல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

பொருத்திய அன்றே எதிர்வீட்டாரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டிவிடுங்கள். அவர்கள் கதவு தெரிந்தால், ஏணி இருக்கும்போதே திருப்பி வைத்துவிடலாம்.